நூற்றுப் பன்னிரண்டு பேர் கப்பல்

ஆபிரகாமிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிஷம் கப்பல் வந்து நிற்கும். செம்பூர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவரிலிருந்து மாதா கோவிலில் பக்கத்து பெஞ்சுக்காரர் வரை எல்லோரும் இதை அனுபவித்தவர்கள்தான். மழை என்றால் நார்வே மழை, வெயில் என்றால் ஏதென்ஸ் வெயில். தப்பித்துக்கொள்ள நினைத்து ஒருவர் கிரிக்கெட் பக்கம் ஒதுங்கினாலும், கரீபியன் தீவு ஒன்றில் பயணிகளும் ஊழியர்களும் ஆடிய மேட்ச் பற்றி அவரிடம் ஒரு கதை இருக்கும். இருபத்தெட்டு வருஷம் கடலில் இருந்துவிட்டு எட்டு மாதமாகத்தான் தரையில் இருக்கிறார் மனிதர். கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும்.

அவருடைய கப்பலின் பெயர் அமெலிந்தா. பயணிகள் நூற்றுப் பன்னிரண்டு பேர், ஊழியர்கள் தொண்ணூறு பேர், அவ்வளவுதான். மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது. பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நின்று ஏக்கத்தோடு பார்க்கும் குட்டித் துறைமுகங்களுக்குள் எல்லாம் அமெலிந்தா சர்வசாதாரணமாக நுழைந்து வரும். காப்டன் பயணிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பணம் கொழுத்த கிழவர்கள் சமையலறைக்கே வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தலைமை ஆபிரகாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பயணிகள் ஏறுவதற்கு முந்தின நாளே பாஸ்போர்ட் நகல்களைப் பரப்பிவைத்து நூற்றுப் பன்னிரண்டு முகங்களையும் பெயர்களையும் ஆபிரகாம் மனசில் ஏற்றிக்கொண்டுவிடுவார். மறுநாள் கப்பலின் படியருகே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பார். இரண்டு நாள் பார்ப்பார்: யார் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்குகிறார்கள், யார் உப்புக் குப்பியைத் தேடுகிறார்கள், எந்தப் புருஷன் பெண்டாட்டியின் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான் என்று. மூன்றாம் நாளிலிருந்து கேள்வியே கிடையாது. அவரவருக்கு வேண்டியது தானாக மேஜைக்கு வந்துவிடும். என்ன வேண்டும் என்று பயணியிடம் கேட்பது அமெலிந்தாவில் கௌரவக் குறைச்சல்.

இந்த வித்தை கடலில் கற்றதல்ல. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்து வருஷம் பரிமாறிக் கற்றது. அங்கே பரிமாறுகிற யாரும் தாள் பென்சில் தொட மாட்டார்கள். ஒன்பது மேஜை ஆர்டரும் தலைக்குள்தான் இருக்கும். எட்டு இருபது லோக்கலைப் பிடிக்க ஓடிவரும் ஆபீஸ்காரர்கள் உட்காரும்போதே, சாம்பார் தனியாக வேண்டியவருக்குத் தனியாகவும், இட்லி மூழ்க வேண்டியவருக்கு மூழ்கியும் வந்திருக்கும். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டு பேரோடு வளர்ந்த பையனுக்கு அது ஒரு பெரிய காரியமாகப் படவில்லை. அந்த அறையில் யாருக்கு எப்போது இருமல் வரும் என்பது உட்பட எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இடம் சின்னதாக இருந்தால் ஆளைத் தெரியும். இதுதான் ஆபிரகாமின் வேதம், பைபிளுக்கு அடுத்தபடி.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒன்பது தடவை வந்த ஓர் இங்கிலீஷ் கிழவி, ஒரு நாள் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டாள். ஆபிரகாம் ஒன்றும் கேட்கவில்லை. கிழவி கரண்டியை இடது பக்கமாகவே வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டார். வலது பக்கம் பல்வலி. இரவுச் சாப்பாடு அவளுக்கு மட்டும் குழைவாக, சூடு ஆறி வந்தது. கிழவி அழுதுவிட்டாளாம். தன் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது என்றாளாம். அவர் மனைவி சேசம்மாளுக்கு இந்தக் கதை மனப்பாடம். எந்த இடத்தில் அவர் தண்ணீர் கேட்பார் என்பதுகூடத் தெரியும்.

போன வருஷம் கம்பெனி அமெலிந்தாவை விற்றுவிட்டது. சின்னக் கப்பல் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிவிட்டு, அறுநூற்று நாற்பது பேர் போகிற மாதிரி ஒரு புதுக் கப்பல் கட்டி, அதற்கு அமெலிந்தா கிராண்ட் என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில், பழைய அமெலிந்தாவின் அதே நெருக்கம், அதே கவனிப்பு என்று போட்டிருந்தது. ஆபிரகாம் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், அது கப்பல் இல்லை, மிதக்கிற மால் என்று சேசம்மாளிடம் தீர்ப்புச் சொன்னார். அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மிதக்கிற மால் பம்பாய்க்கு வந்திருக்கிறது. வந்ததோடு நில்லாமல் ஆபிரகாமைக் கூப்பிட்டும் இருக்கிறது.

கூப்பிட்டவன் கேஷவ். மாட்டுங்காவில் பாலக்காட்டு ஐயர் குடும்பம். அமெலிந்தாவில் ஆபிரகாமுக்குக் கீழே பதினோரு வருஷம் வேலை செய்தவன், இப்போது புதுக் கப்பலில் சாப்பாட்டுப் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. பையன் இறால் பரிமாறுகிறான் என்று வெளியே தெரியக் கூடாதென்று, அவனுடைய அப்பா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் ‘ஷிப்பிங்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கப்பல் இரண்டு நாள் துறைமுகத்தில் நிற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், வேலை விஷயம் பேச வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தான். பத்து மாத ஒப்பந்தம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புவதற்குள் பதில் வேண்டும். சம்மதமென்றால் இரண்டு வாரத்தில் கொழும்பில் ஏறிக்கொள்ளலாம்.

முடியாது என்று சொல்வதற்கு ஆபிரகாம் ஒரு பேச்சே தயார் செய்து வைத்திருந்தார். அறுநூற்று நாற்பது பேரை எவனாலும் அறிய முடியாது, அறிந்த மாதிரி நடிக்கத்தான் முடியும், நடிப்பதற்கு நான் வேண்டாம் என்று முடியும் அந்தப் பேச்சு. குளியலறையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த மனுஷன்தான் காலை ஆறு மணிக்கு எழுந்து கறுப்பு ஷூவுக்கு அரைமணி நேரம் பாலிஷ் போட்டார். நகம் வெட்டிக்கொண்டார். வேலைக்குப் போகாதவன் நகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

சேசம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்த நீலப் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை என்பது இவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாக, பெட்டி இறங்கினால் அவளுக்குச் சம்மதம் என்று ஆபிரகாம் எடுத்துக்கொள்வார். பெட்டி இறங்காத வருஷம் ஒன்றுகூட இருந்ததில்லை.

பதினொன்றரை மணிக்குக் கப்பலடியில் நின்றார்கள். சேசம்மாள் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள். அவள் கப்பலுக்குள் போவது அதுவே முதல் தடவை. அமெலிந்தாவில் ஊழியர்களின் குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. அங்கே இடமே இல்லை. ஊழியர்களே தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அறைக்கு நாலு பேர், பக்கவாட்டில் நடந்து போகிற மாதிரி இருந்தார்கள். ஒரே ஒரு தடவை அமெலிந்தா பம்பாய்க்கு வந்தபோது அவள் துறைமுக வாசலில் மூன்று மணி நேரம் நின்று, ஆபிரகாமை இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, ஜாக்குலினையும் சாஜனையும் இழுத்துக்கொண்டு லோக்கலில் திரும்பினாள். அப்போது பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு.

கேஷவ் படியிலேயே காத்திருந்தான். ஆபிரகாமின் காலைத் தொட்டான். சேசம்மாளிடம், பார்த்து ஏறுங்கோ மாமி, என்று கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கப்பலைச் சுற்றிக் காட்டினான். ஆபிரகாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் குறை தேடும் சம்பந்தி மாதிரி வந்தார். லிஃப்ட் எட்டு என்றதும் உதட்டைப் பிதுக்கினார். நீச்சல் குளத்தைப் பார்த்து, கடலுக்கு நடுவே குளம் எதற்கு என்றார். நடைபாதையில் எதிரே வந்த ஊழியர்கள் கேஷவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியவில்லை, சட்டையில் குத்திய பட்டையைப் பார்த்துத்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைக் கண்டதும் ஆபிரகாம் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

கேஷவ் தன் ஏற்பாட்டை விளக்கினான். அறுநூற்று நாற்பது பேரையும் ஒரே கூடத்தில் அடைக்கவில்லை. எட்டுக் கூடம், கூடத்துக்கு எண்பது பேர். கூடத்துக்கு ஒரு தலைவர், பயணம் முடியும் வரை ஒரு பரிசாரகருக்கு அதே பன்னிரண்டு பயணிகள். யாருக்கு என்ன பிடிக்கும் என்பதெல்லாம் கையிலிருக்கும் டேப்லெட் கணினியில் ஏறிவிடும். அந்த எட்டுத் தலைவர்களுக்கும் மேலே ஆபிரகாம் வர வேண்டும்.

“ஒரு பெரிய கப்பலுக்குள்ள எட்டு அமெலிந்தா, சார். நீங்க இருந்தா முடியும்னு நான் கம்பெனியில சொல்லியிருக்கேன். சீனியர்னா சம்சாரத்தையும் ரெண்டு மாசம் கூட வச்சுக்கலாம். ஜன்னல் வச்ச ரூம்.”

ஆபிரகாம் தன் பேச்சின் முதல் வரியை எடுத்தார். டேப்லெட்டில் ஏறுவது தகவல், மனசில் ஏறுவதுதான் ஆள் என்றார். அந்த இங்கிலீஷ் கிழவிக்குப் பல்வலி என்று எந்த மெஷின் சொல்லியிருக்கும் என்று கேட்டார். கேஷவ் சிரித்தான். அவனுக்கும் அந்தக் கதை மனப்பாடம். முதலில் சாப்பிடுங்கள், பேசிக்கொள்வோம் என்று ஜன்னலோரத்தில் இரண்டு பேர் மேஜை ஒன்றில் உட்காரவைத்துவிட்டு, அரைமணியில் வருவதாகச் சொல்லிப் போனான்.

உட்கார்ந்ததும் ஆபிரகாமுக்குப் பழைய நாட்கள் பொங்கிக்கொண்டு வந்தன. வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாத நாப்கின், தூரத்தில் கண்ணாடிகள் மோதும் சத்தம். அமெலிந்தாவின் கூடத்தில் கடைசி மேஜையிலிருந்து முதல் மேஜைக்கு முப்பத்தொரு அடி, கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். கடல் ஆடும்போது எந்தப் பலகை முனகும் என்று தெரியும். கடைசிப் பயணத்தில் காப்டன் எல்லா ஊழியர்களையும் மேல்தளத்தில் உட்காரவைக்க, பயணிகளே அவர்களுக்குப் பரிமாறினார்கள். அன்று தன் தட்டில் என்ன இருந்தது என்று ஆபிரகாமுக்கு நினைவில்லை, கண்ணீர் அப்படி மறைத்தது. இதையெல்லாம் சேசம்மாளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ‘ம்’ கொட்டினாள்.

அந்த மேஜையின் பரிசாரகி ஒரு பெண், சஃபீனா என்று பட்டையில் இருந்தது. மாஹிம்காரி, தாராவிக்கு அடுத்த தெரு மாதிரிதான். சிரித்துக்கொண்டே டேப்லெட்டைக் கையில் எடுத்து சேசம்மாள் பக்கம் திரும்பி, ஆன்ட்டி, உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று ஹிந்தியில் கேட்டாள்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் ஆபிரகாம் கையை உயர்த்தினார். மேடத்துக்குச் சுர்மை மீன், நன்றாக முறுகலாக, எலுமிச்சம்பழம் தனியாக. எனக்கும் அதே. இருபத்தெட்டு வருஷ அதிகாரம் அந்தக் கையில் இருந்தது.

பெண் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும் அங்கிள், முதல் நாள் ஒவ்வொருவர் வாயாலேயும் கேட்க வேண்டும் என்பது இங்கே கட்டாயம் என்றாள். ஆபிரகாம் வாய்விட்டுச் சிரித்தார். பார்த்தாயா, இதுதான் பெரிய கப்பல், கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று தமிழில் மனைவியிடம் சொன்னார். பெண்ணிடம் ஹிந்தியில், என் பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே கிடையாது, கேட்காமலே தெரியும் என்றார்.

சேசம்மாள் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். வீடாக இருந்தால் பிரச்சினை இல்லை. நீங்க சாப்பிடுங்க, நான் பிறகு சாப்பிடுதேன் என்று சொல்லிவிடலாம். வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிவந்தாள். இந்த மேஜையில் பிறகு என்பது கிடையாது. இரண்டு தட்டும் சேர்ந்து வரும், எதிரெதிரே உட்கார்ந்து தின்ன வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு மேஜையில் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்ததும் அன்றுதான்.

“மச்லி நகோ, பேட்டி,” என்றாள் அவள், தன் பம்பாய் ஹிந்தியில். மீன் வேண்டாம் மகளே, காய்கறியாக ஏதாவது இருந்தால் போதும்.

வெட்கப்படுகிறாள், நீ மீனே கொண்டுவா என்றார் ஆபிரகாம்.

“நான் மீன் தின்னு பதினோரு வருசம் ஆச்சுங்க,” என்றாள் சேசம்மாள். சத்தமில்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சஃபீனா நல்ல பெண். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று நகர்ந்துவிட்டாள்.

ஆபிரகாமுக்கு முதலில் விளங்கவில்லை. அதெப்படி? லீவுக்கு வந்து இறங்கிய மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அவரேதான் மீன் மார்க்கெட்டுக்குப் போவார். செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, பாப்ளேட்டும் சுர்மையும் கொண்டுவந்து இறக்குவார். சேசம்மாளுக்கு மீன் என்றால் உயிர் என்று மீன்காரிகளுக்கெல்லாம் தெரியும், அவர் சொல்லித்தான். திரும்பி வந்த இந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. அவள் குழம்பு வைப்பாள், வறுப்பாள், நடுத்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைப்பாள். அவர் தின்றுவிட்டு, திருப்தியாக ஏப்பம் விட்டு, பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு படுத்துவிடுவார்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஜாக்குலினுக்குப் பதினாலு வயசில் டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அவர் அப்போது தென்னமெரிக்காவின் வாலில் எங்கேயோ பனிக்கட்டிக்கு நடுவில் இருந்தார். சனிக்கிழமை போன் வந்தபோது, லேசாக் காய்ச்சல், இப்பம் பரவால்ல என்று சொன்னாள். வேறு என்ன சொல்ல? அங்கிருந்து அவர் இறங்கியா ஓடிவர முடியும்? புதன்கிழமை மாஹிம் மாதா கோவிலுக்குப் போய் நொவேனா ஜெபத்தில் நின்றாள். மெழுகில் செய்த பிள்ளை உருவம் ஒன்றை வாங்கிவைத்து, பிள்ளையைக் கொடுத்துவிடு, எனக்குப் பிரியமானதை நான் விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிரியமானது என்று யோசித்தபோது மீன்தான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது.

அதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று ஆபிரகாம் கேட்டார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். லீவுக்கு வந்த அன்னைக்கே பைநெறைய மீனத் தூக்கிட்டு வந்து நின்னிய. சேசு, உனக்குப் புடிக்கும்லான்னு அம்புட்டு சந்தோசம் மொகத்துல. எப்படிச் சொல்ல? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் அப்படியே போயிட்டு.”

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுகிற மனிதர், ஓர் இங்கிலீஷ்காரியின் பாதிச் சூப்பில் பல்வலியைக் கண்டுபிடித்த மனிதர், பதினோரு வருஷம் எதிரில் இல்லாத ஒரு தட்டைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. ஆபிரகாமுக்கு அவமானமாக இருந்தது. யார் முன்னாலும் தலைகுனிந்து பழக்கமில்லாதவர், மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேசம்மாளுக்கு அவரை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தடவை திறந்த வாயை மூடவும் அவளுக்கு மனமில்லை.

“ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. இடம் சின்னதா இருந்தாத்தான் ஆளத் தெரியும்பிய. நூத்திப் பன்னெண்டு பேரு, ஒவ்வொருத்தரயும் தெரியும்பிய. நம்ம வீட்ல நாலு பேருதானங்க.”

குளியலறையில் தயார் செய்த பேச்சில் எந்த வரியும் இதற்கு உதவவில்லை.

சாப்பாடு வந்தது. அவளுக்குக் காய்கறிகளைச் சுட்டு மேலே ஏதோ தூவி அழகாக வைத்திருந்தார்கள். சஃபீனா குனிந்து, காரம் போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் கூட இருக்கலாம் என்றாள் சேசம்மாள். உடனே சின்னக் கிண்ணத்தில் பச்சைமிளகாய்ச் சட்னி வந்தது. சேசம்மாள் அதைத் தொட்டுத் தொட்டு ரசித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு இவ்வளவு காரம் பிடிக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. வீட்டில் அவருடைய வயிற்றுக்காக எல்லாமே காரம் குறைவு. ஆபிரகாம் தன் மீனை இரண்டு தடவை முள்கரண்டியால் தொட்டுவிட்டு, தள்ளிவைத்தார்.

அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இந்த இரண்டு பேரின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. கேட்டாள், கேட்டதைக் கொண்டுவந்தாள், போதுமா என்று மறுபடி கேட்டாள். இந்தக் கப்பல் நடந்துவிடும், நான் இல்லாமலே நடந்துவிடும் என்று அவருக்குப் பட்டது. அது வலித்தது. எட்டு லிஃப்டும் நீச்சல் குளமும் வலிக்கவில்லை, இது வலித்தது.

கேஷவ் சொன்னபடி அரைமணியில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாப்பாடு எப்படி மாமி என்றான். பிறகு ஆபிரகாமைப் பார்த்தான்.

ஆபிரகாமுக்குப் போக வேண்டும். சத்தியமாகப் போக வேண்டும். எட்டுக் கூடமல்ல, எண்பது கூடமென்றாலும் போக வேண்டும். படியருகே நிற்க வேண்டும், கடல் ஆட வேண்டும், தரை ஆடாத இந்த ஊரில் எட்டு மாதமாக அவருக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. பெட்டியும் இறங்கி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. சரி என்று வாய்வரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கிவிட்டு அவர் சேசம்மாள் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்லுத சேசு? நான் போவணுமா, இருக்கணுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று முகத்தைத் தேடினாள். இல்லை.

“நான்தான் பெட்டிய எடுத்து வச்சிட்டனே.”

“பெட்டிய விடு. உன்னக் கேக்கேன்.”

கேஷவ் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். சேசம்மாள் தண்ணீர் எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

“போவ வேண்டாம்,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் அதான் நெனச்சேன். பெட்டிய எறக்கும்போதெல்லாம் அதான் நெனச்சேன்.”

இருபத்தெட்டுப் பெட்டிகள். ஆபிரகாம் அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகள், ஓரத்தில் சொருகிய ஜெபமாலை, பொட்டலம் கட்டிய மிளகாய்ப்பொடி. அத்தனையும் சம்மதம் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வரவில்லை என்று அவர் கேஷவிடம் சொன்னார். கேஷவின் முகம் விழுந்துவிட்டது. கப்பல் பெரிசாக இருப்பதுதான் பிடிக்கவில்லை, இல்லையா சார் என்று கேட்டான். டேப்லெட்டை எடுத்துவிடலாம், கூடத்தை இன்னும் சின்னதாக்கலாம், வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

“கப்பல்ல ஒரு கொறையும் இல்லப்பா. அந்தப் பிள்ள கேட்டா பாத்தியா, அத மட்டும் மாத்திராத. அமெலிந்தாவுலயும் நாம கேட்டிருக்கணும். கேக்காம எத்தனை பேரு வாயில எதத் திணிச்சனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.”

கேஷவுக்குப் பாதிதான் புரிந்தது. படிவரை கூட வந்து, மறுபடி காலைத் தொட்டு அனுப்பிவைத்தான். இறங்கும்போது ஆபிரகாம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. சேசம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சி.எஸ்.டி.யில் ஹார்பர் லைன் பிளாட்பாரத்தில் பன்வேல் வண்டி நின்றுகொண்டிருந்தது. சேசம்மாள் வழக்கம்போல லேடீஸ் டப்பா நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். மத்தியான வண்டி, கூட்டமில்லை, ஜெனரலில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. என்னோடு உட்கார்ந்து வருகிறாயா என்று கேட்டார் ஆபிரகாம். இன்று அவருக்கு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்போல் இருந்தது. வேண்டாங்க, லேடீஸ்லதான் நல்லாக் காலை நீட்டிக்கிட்டு வரலாம் என்று அவள் போய்விட்டாள். கேட்டால் இப்படியும் பதில் வரும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர் தனியாக ஏறி உட்கார்ந்தார்.

செம்பூரில் இறங்கி, படிக்கட்டருகே நின்றார். அவள் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். நடந்துகொண்டே, சாயங்காலம் என்ன வைக்கட்டும், வீட்டில் வாழைக்காய் இருக்கிறது, உங்களுக்குப் பொரித்துவிடட்டுமா என்றாள்.

“எனக்கு இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்? என்ன சாப்பிடணும்போல இருக்கு உனக்கு?”

சேசம்மாள் நின்றுவிட்டாள். உதட்டை அசைத்தாள், ஒன்றும் வரவில்லை. ஜாக்குலினுக்கு என்ன, சாஜனுக்கு என்ன, இவருக்கு என்ன என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டும், ‘சலோ, ஆன்ட்டி’ என்று சலித்துக்கொண்டும் படியேறினார்கள். ஆபிரகாம் அவளைக் கைப்பிடிச் சுவரோரம் நகர்த்தி நிறுத்தி, கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“தெரியலியேங்க,” என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. “இரிங்க. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதேன்.”